அளவுக்குக் கொடுத்த வளையல்

1962, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. என் நாட்குறிப்பில் ஒரே வரி: "உறையூர். நீலக் கண்ணாடி வளையல், அரை டஜன்." நடந்ததை முழுதாக எழுத அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ரயில்வே குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்திருந்தேன். அவள் ஆசிரியப் பயிற்சி மாணவி. ஒரே நிறுத்தத்தில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போவோம். காவிரிப் பாலம் கடக்கும் வரை பேச்சு. சத்திரம் பஸ் நிலையம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம்.

"அடுத்த வருஷம் பங்குனியில பரீட்சை முடியட்டும், நானே வீட்டுல சொல்றேன். அதுக்கு முன்னால தெரிஞ்சா என் படிப்பு அன்னிக்கோட சரி" என்று சொல்லியிருந்தாள்.

ஆகவே அவள் வீட்டில் சந்தேகம் எழுப்பாத பொருளாகத் தேடுவேன். தையில் கொண்டை ஊசி, மாசியில் சீப்பு, வைகாசியில் பேனா. எல்லாமே சிநேகிதி கொடுத்ததாகக் கணக்கு.

"உனக்கு எத்தனை சிநேகிதிடின்னு அம்மா கேக்கறாங்க. அடுத்த மாசம் யார் பேரைச் சொல்ல?" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கு நெருங்கியது. அன்று புது வளையல் இல்லாத கையைப் பார்க்க முடியாது. அத்தனை கைகளுக்கு நடுவில் இவள் கையை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அளவுக்காகப் பழைய வளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர்களுக்கு அவளைத் தெரியும் என்பதால் உறையூருக்குப் போனேன்.

வளையல்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்கு."

"தங்கச்சி ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் ரோட்டுலயா இருக்காங்க?"

நான் பணத்தை எடுத்து நீட்டினேன்.

"வெள்ளிக்கிழமைன்னா நான் அந்தப் பக்கம் வீடு வீடாப் போவேன். இந்தச் சரக்கு ஒரு வீட்டுக்குத்தான் குடுத்தேன். அங்க ஆம்பளப் புள்ளையே கிடையாதே!" சிரித்துக்கொண்டே அரை டஜனைத் தாளில் சுற்றினார். "போயிட்டு வாங்க தம்பி."

வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. அவளை எச்சரித்திருக்கலாம். வீணாகப் பயப்படுவாளே என்று, மறுநாள் பஸ்ஸில் வளையல்களை மட்டும் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தன. வெள்ளி காலையும் வந்தாள். சனிக்கிழமை வரவில்லை.

திங்களன்று நிறுத்தத்தில் அவளுடைய அப்பா நின்றிருந்தார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கும்பகோணங்க."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

பாலம் வந்தது. கீழே புதுவெள்ளம் கலங்கலாக ஓடியது. அவர் அதைப் பார்த்தபடியே பேசினார். குரல் உயரவில்லை.

"எம் பொண்ணு இனிமே பஸ்ல வராது. ஆவணியில மொத முகூர்த்தம் பாத்தாச்சு. நீங்களும் வேற பக்கம் ரூம் பாத்துக்கிட்டா நல்லதுங்க."

பரீட்சையையாவது எழுத விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பாலம் முடியும் வரை நேரம் இருந்தது.

"சரிங்க" என்றேன்.