பாலத்துக்குக் கட்டிய பூ

இதை எழுத நினைத்துப் பல வருஷமாகிறது. பேனாவை எடுப்பேன், அம்மாவின் பெயருக்குக் குறை வந்துவிடுமோ என்று மூடி வைத்துவிடுவேன். போன வாரம் எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்றபோதுதான், மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை. பஞ்சாயத்தில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணக் கூடமா, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமா? கிராம சபையில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். அக்கரைக்காரர்கள் ஒரு தென்னைமரத்தைப் போட்டுத்தான் கடந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் தோழியும் அக்கரைதான். ஐப்பசி மழையில் மரம் முழுகிவிடும். தை பிறக்கும் வரை அவள் இடம் காலி. வருகிற மழைக்கும் நின்றால் படிப்பையே நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

எனக்கென்னவோ கூடம்தான் வேண்டும். மைக் செட்டு, பாயசம் என்று கனவு. பெரியப்பாவும் கூடத்துக்கே. அவர் கை தூக்கினால் தெருவே தூக்கும். அப்பாகூட அவரை எதிர்த்துப் பேசமாட்டார், அம்மா எம்மாத்திரம்?

சபைக்கு முந்தின நாள், பெரியப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு அம்மா மெல்லக் கேட்டாள்.

"எதுக்கும் ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துடலாமா மாமா?"

"ஏன், ஆத்தாளுக்கும் நம்ம பஞ்சாயத்துல ஓட்டு இருக்கா?"

"ஓட்டு இல்ல. ஊரு அவளோடதுதானே?"

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, கட்டு."

வெள்ளைப் பூ வந்தால் பாலம், சிவப்பு வந்தால் கூடம். அம்மா இலைத்துண்டில் மடித்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தாள். குழந்தைதான் எடுக்க வேண்டும். 'ஆத்தா, சிவப்பு, சிவப்பு' என்று வேண்டிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பெரியப்பா பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

பூவை அம்மன் காலடியிலேயே திரும்ப வைத்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவளே சொல்லிட்டா. அப்புறம் நான் யாரு?"

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விடவேண்டும். வாய்க்கால் படியில் அம்மா குனிந்தபோது அது நழுவி விழுந்து நூல் அவிழ்ந்தது. அதிலும் நந்தியாவட்டை.

"அம்மா, செவப்பு வைக்க மறந்துட்டே!"

"கத்தாதடி. ஆமா, மறந்துட்டேன்."

"பெரியப்பாகிட்ட சொல்லி மறுபடி கட்டலாமா?"

"சொல்லணும்னா சொல்லு. மழை வந்தா உன் பக்கத்துல யாரு உக்காருவான்னும் சேத்துச் சொல்லு."

நான் சொல்லவில்லை. பாயசம் போயிற்று. மறுநாள் சபையில் பாலத்துக்கு முதலில் உயர்ந்தது பெரியப்பாவின் கை.

அன்றிலிருந்து அம்மா சோற்றைத் தொடவில்லை. களத்தில் நெல் குவிந்து கிடக்க, அவள் மட்டும் கேழ்வரகுக் கஞ்சி குடித்தாள். கேட்டால், "வயிறு சரியில்லடி." புரட்டாசியில் பாலம் முடிந்தது. தோழி செருப்புப் போட்ட காலோடு அதன்மேல் நடந்து பள்ளிக்கூடம் வந்தாள். அன்று மத்தியானம் அம்மா இலை போட்டு, ஒரு கவளம் சோற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். பாலம் கட்டினால் வயிற்றுவலி எப்படித் தீரும் என்றுதான் அப்போது யோசித்தேன்.

இதை யாருக்காவது சொல்வீர்களானால், அற்புதம் என்று கூட்டவும் வேண்டாம், ஏமாற்று என்று குறைக்கவும் வேண்டாம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ. ஐந்து மாசம் சோறில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.