கடையடைப்பு நாளில் அடைத்த ஓட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ஹர்த்தால் என்னும் முழு அடைப்பு வந்தால் டீக்கும் பரோட்டாவுக்கும் எல்லை தாண்டுவோம். பனச்சமூடு சந்தியில் கேரளப் பக்கக் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி நடந்தால் தமிழ்நாடு, அங்கே வியாபாரம் திருவிழாபோல் நடக்கும். காலையில் கொடியோடு வந்து இந்தப் பக்கத்தை அடைக்கச் சொன்ன ஆட்களே வெயில் ஏறியதும் அந்தப் பக்கம் போய் டீ குடிப்பார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நான் நினைத்தேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம்.

திருவனந்தபுரத்தில் ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். பிறருக்கு வெப்சைட் செய்து, அதை எங்கள் ஆபீசிலேயே ஒரு சர்வரில் வைத்து ஓட்டுவோம். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் அண்ணன் அதை “கம்ப்யூட்டருக்கு ஆயா வேலை” என்பான். பெரிய தப்பில்லை. குழந்தைக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்ச்சல் வருவதைச் சொல்வதற்கென்று சிலர் இருந்தார்கள். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து, வெப் சர்வர் மென்பொருளில் ஓட்டை கண்டால் உடனே ஒரு மெயிலிங் லிஸ்டில் எழுதுவார்கள். ஓட்டை இது, இப்படி அடைக்கலாம், பேட்ச் இங்கே கிடைக்கும் என்று எல்லாம் இருக்கும். யாரும் கேட்காமல், யாரிடமும் கூலி வாங்காமல் எழுதினார்கள். முகம் தெரியாத அந்த ஆட்களை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. தினமும் சாயங்காலம் அந்த மெயில்களை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவேன். வழியில் நெய்யாற்றின்கரையில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும் பஸ்ஸிலேயே வாசித்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாசிக்க முடியவில்லை. மறுநாள் ஹர்த்தால் என்பதால் ஊர் முழுக்க அந்தப் பஸ்ஸில்தான் வந்தது. பையைத் திறப்பது இருக்கட்டும், மூச்சு விடவே இடமில்லை. சனிக்கிழமை காலை ஆற அமர உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். இரண்டாவது பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன்.

சர்வர் மென்பொருளோடு இலவசமாக வரும் ஒரு மாதிரி ப்ரோக்ராமில் ஓட்டை. அது யாருக்கும் தேவைப்படாது, யாரும் அதை அழிப்பதும் இல்லை. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட விதத்தில் அதைக் கூப்பிட்டால், சர்வருக்குள் இருக்கிற எந்தக் கோப்பையும் எடுத்து நீட்டிவிடுமாம். எங்கள் சர்வரிலும் அது இருந்தது. கோட்டுகால் பக்கம் கடலோரத்தில் இருந்த ஒரு ஓட்டலின் முன்பதிவும் அதே சர்வரில்தான். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய கார்டு எண்கள் ஒரு கோப்பில் அப்படியே கிடந்தன. அந்தக் கோப்பு வெளியே போனால் பாவம் அவர்கள் பணம் போகும், ஓட்டல் எங்களை விட்டுப் போகும். எங்கள் ஐந்து பேருக்கும் அந்த ஓட்டல்தான் சோறு போட்டது.

வயரைப் பிடுங்கிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் முந்தைய மாதம் சர்வர் அரை நாள் படுத்ததற்கே ஓட்டல்காரர் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். எனக்குப் போக பஸ் இல்லை, வீட்டில் போனும் இல்லை. தாளை மடித்துக்கொண்டு பனச்சமூட்டுக்கு நடந்தேன்.

தமிழ்நாட்டுப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் ஒரே கூட்டம். பூத்தை நடத்தும் அக்காவிடம் கெஞ்சி, முதலில் எங்கள் ஆபீஸ் கணக்கரின் வீட்டுக்குப் போன் போட்டேன்; அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆபீசுக்குப் பக்கத்துத் தெரு, ஒரு சாவி அவரிடம் இருந்தது. கம்ப்யூட்டரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்கிற மனிதர். “எனிக்கு ஒந்நும் அறிஞ்சூடா மோளே”, தனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அழாத குறையாகச் சொன்னார். நான் சொல்வதை ஒவ்வொரு எழுத்தாக அடித்தால் போதும் என்றேன். அவர் ஆபீசுக்குப் போய்ச் சேரும்வரை நான் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் வரிசை இன்னும் நீண்டுவிட்டது.

வரிசையில் முன்னால் நின்றவர் யார் என்று பார்த்தேன். காலையில் எங்கள் சந்தியில் கொடி பிடித்து ஆட்டோவைத் தடுத்த அதே கட்சிக்கார அண்ணன். கையில் டீ கிளாஸ் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களாலயாக்கும் எனக்க வேலை போகப்போவுது. பஸ் ஓடியிருந்தா இந்நேரம் நான் ஆபீசுல இருந்திருப்பேன்” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “என்ன காரியம் மக்கா?” என்று கேட்டார். எங்கள் கடைக்குப் பின்கதவு ஒன்று திறந்து கிடக்கிறது, உள்ளே ஊரார் பணம் இருக்கிறது, கள்ளன் வருவதற்குள் அடைக்க வேண்டும் என்று சொன்னேன். சர்வரை வேறு எப்படிச் சொல்வது? அவர் திரும்பி வரிசையைப் பார்த்து, “எல்லாரும் ஒண்ணு நில்லுங்க. இந்தப் பிள்ளை பேசட்டு” என்றார். ஆஸ்பத்திரிக்குப் பேச வந்த ஒரு அம்மாவை மட்டும் முதலில் விட்டோம். மற்றவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை.

ஆபீசில் சேட்டன் போனை எடுத்தார். லைன் கரகரத்தது. நான் ஆங்கில எழுத்து “ஆர்” என்றால் அவருக்கு வேறென்னவோ கேட்டது. மூன்று தடவை முயன்றும் சர்வருக்குள் நுழையக்கூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை. கொடி அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ரிசீவருக்குக் கை நீட்டினார்.

“இங்கோட்டுத் தா. அடைக்கியதுதானே? அது நமக்க தொழிலாக்கும்.”

மைக் இல்லாமலே சந்தி முழுக்கக் கேட்கும் கோஷக் குரல் அவருக்கு. நான் காதருகில் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு எழுத்தாக முழங்கினார். பாஸ்வேர்டு வந்ததும் நான் தயங்கினேன். ரகசியமாகக் காக்க வேண்டியது, அதுவும் “நெய்மீன்” என்று ஒரு மீன் பெயரை வைத்திருந்தேன். வேறு வழி? சொன்னேன். அடுத்த நிமிஷம் இரண்டு மாநிலத்துக்கும் கேட்டிருக்கும். வரிசையில் ஒருவர், “இன்னைக்கு எங்க கெடச்சுது நெய்மீன்?” என்று கேட்டார். பூத்து அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

அந்த மாதிரி ப்ரோக்ராமையே அழிக்கும் கட்டளையைச் சொல்ல எனக்குப் பயம். ஓர் இடைவெளி தவறினால் சர்வரில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். அதனால் அந்த ப்ரோக்ராமை யாரும் ஓட்ட முடியாதபடி அனுமதியைப் பறிக்கும் கட்டளையைச் சொன்னேன். மூன்று பூஜ்யங்கள் வேண்டும். கொடி அண்ணன் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் கையை உயர்த்தினார், பழக்க தோஷம். பிறகு திரையில் தெரிவதைச் சேட்டனை வாசிக்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாக வாசித்தார். சரியாக இருந்தது. அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் கையில் டீயைக் கொடுத்தார்கள், யாரென்றுகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். மாதிரி ப்ரோக்ராமை அழித்தேன், முறையான பேட்சைப் போட்டு சர்வரை மறுபடி ஓட்டினேன். பிறகு, யார் எப்போது வந்து எதைக் கேட்டார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் போனேன். சனிக்கிழமைக்கு முன்னால் அந்தப் ப்ரோக்ராமைத் தேடி யாரும் வந்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம், நாங்கள் அடைத்த அதே நாள், எந்த நாட்டிலிருந்தோ ஒருவன் வந்திருக்கிறான். மெயிலில் எழுதியிருந்த அதே விதத்தில் கூப்பிட்டிருக்கிறான். சர்வர் அவனுக்கு “அனுமதி இல்லை” என்று பதில் சொல்லியிருக்கிறது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். சேட்டனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மெல்ல அந்த சர்வரின் தலையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் கேலி செய்யவில்லை.

அன்று மாலை பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கொடி அண்ணன் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வந்தார்.

“எந்தாயி மக்கா? நாம அடச்சதுக்குப் பொறவு ஆராவது வந்தானா?”

“வந்தான் அண்ணா. அன்னைக்கு சாயங்காலமே வந்தான். அடச்சுக் கெடந்ததக் கண்டு போயிட்டான்.”

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ரோட்டுக்கு எதிரே இருந்த கடைகளின் பக்கம் திரும்பினார்.

“எத்தனையோ வருஷமா அடைக்கச் சொல்லி நடக்கேன் மக்கா,” என்றார். “ஒரு ஆளுக்கு உபகாரப்பட்டது இது ஒண்ணாக்கும்.”