பன்வில போய் வந்த நாளும், கன்டனீஸில் ‘ஆச்சு’ சொல்லப் பழகியதும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு கண்டியிலிருந்து பன்விலவுக்குப் போய் வந்தேன். அந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கும், ஹொங்கொங்காரர் பேசும் கன்டனீஸ் படிக்கத் தொடங்கி ‘நேற்று’ என்று வந்ததும் வாய் அடைத்துப்போகிறவர்களுக்கும் இது உதவலாம். பிள்ளை தூங்கியபிறகு எழுதுகிறேன், தட்டெழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏன் போனேன் என்று சொல்லவேண்டும். என் மகள் ஷெரினுக்கு நாலு வயது. அவளுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஒத்துக்கொள்ளாது. போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் கச்சான் போட்ட கேக் ஒரு துண்டு தின்று, தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அன்றோடு கெஸ்ட்ஹவுஸ் வேலையை விட்டேன். நேர்சரிக்கும் அவளை அனுப்பவில்லை. என் கண்ணுக்கு வெளியே அவளை ஒரு வாயும் சாப்பிட விடமாட்டேன். வீட்டில் இருந்த அந்தக் காலத்தில்தான் போனில் கன்டனீஸ் படித்தேன். பழைய முதலாளியம்மா அதைக் கேள்விப்பட்டு, “ஒரே ஒரு நாள் வாங்களேன், இவங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது” என்று கூப்பிட்டார். இந்த நாள் சரியாகப் போனால் மறுபடி வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் இனி அந்த எண்ணமே வேண்டாம் என்று எனக்குள்ளே முடிவு கட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய என் அம்மாவுக்குக் காய்ச்சல். ஷெரினும் தன் அவசர மருந்துப் பையோடு வேனில் ஏறினாள்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம வழியாகப் போனோம். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு உள்ளேதான், ஆனால் வளைவுகள் அதிகம், ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. வேன் நாள் வாடகை பன்னிரண்டாயிரம் ரூபாய். ஓட்டியவர் திகன ஊர் ஃபாரூக் நானா, எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி. தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் மட்டும் போகாதீர்கள்.

வத்தேகம தாண்டும் வரை, வந்த தம்பதியில் கணவரான திரு லாம் என் கன்டனீஸைத் திருத்திக்கொண்டே வந்தார். நம்மவர்கள் விடுகிற தவறு ஒன்றுதான்: தமிழில் எந்த வினைக்கும் காலம் காட்டாமல் நமக்குத் தூக்கம் வராது. அதனால் செய்து முடிந்ததைக் காட்ட ‘சோ’ என்று ஒரு துண்டு கிடைத்ததும் எல்லா வினைக்குப் பின்னாலும் அதை ஒட்டினேன். ‘நேற்று வீட்டில் இருந்தேன்’ என்பதற்கும் சோ, ‘குளிராக இருந்தது’ என்பதற்கும் சோ. திரு லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘நேற்று’ என்று சொல்லிவிட்டால் போதுமாம், ‘இரு’வுக்கு வேறு எதுவும் வேண்டாமாம்.

எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். கன்டனீஸில் வினைச்சொல் மாறுவதே இல்லை. ‘ஸிக்’ என்றால் சாப்பிடு. ‘ஸிக் சோ’ என்றால் சாப்பிட்டாச்சு. நம் ‘ஆச்சு’ இருக்கிறதே, அதே வேலை, செய்து முடிந்துவிட்டது என்று காட்டும். ‘ஸிக் க்வோ’ என்றால் முன்னே எப்போதோ சாப்பிட்டிருக்கிறேன், அந்த அனுபவம் உண்டு என்று பொருள். சாப்பிடவில்லை என்பதற்கு ‘மோவ் ஸிக்’, அங்கே சோ சேர்க்கக்கூடாது. இன்னும் சாப்பிடவில்லை என்பதற்கு ‘மெய் ஸிக்’. கேள்வி கேட்க, ‘ஸிக் சோ மெய்?’, சாப்பிட்டாச்சா இல்லையா? தொனிகளைக் காதால் கேட்டுத்தான் பழகவேண்டும், என் எழுத்தை நம்பாதீர்கள்.

நான் பழகியது புத்தகத்தில் இல்லை, ஷெரினிடம். பால் குடிச்சாச்சா, சப்பாத்து போட்டாச்சா, பல் விளக்கியாச்சா என்று நாள் முழுக்க அவளிடம் கேட்பதைக் கன்டனீஸிலும் ஒருதரம் கேட்பேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியாது.

பன்விலவில் தேயிலை மலை தெரிகிற வளைவில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. அங்கே நிறுத்தினோம். கச்சான் விஷயத்தை லாம் தம்பதியிடம் அங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்று வேனிலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே கதிரையில் ஷெரினைத் திருமதி லாமுக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, இஞ்சி போட்ட பிளேன்டீ சொல்ல உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் பிள்ளையின் கையில் பிரித்த மிட்டாய்த் தாள். திருமதி லாமின் மடியில் திறந்திருந்த பக்கெட்டில் மிட்டாய் நம் கச்சான் அல்வாவின் தங்கச்சி மாதிரி இருந்தது, எள்ளும் கச்சானும் சீனிப்பாகும். திருமதி லாம் சிரித்துக்கொண்டே, “பெய் சோ கோய்” என்றார். கொடுத்தாச்சு.

தேத்தண்ணியை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு, “ஷெரின், ஸிக் சோ மெய்?” என்று கத்தியிருக்கிறேன். தமிழில் கேட்கவேண்டியது கன்டனீஸில் ஏன் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, “மெய் ஸிக்” என்றாள். வாயைத் திறந்து காட்டினாள். பிறகு மூடியிருந்த மற்றக் கையை விரித்துத் தமிழில், “அம்மா கையில குடுக்கத்தான் வச்சிருக்கேன். இந்தாங்க.”

யார் எதைத் தந்தாலும் முதலில் அம்மா கையில் வைக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் பக்கத்தில் இல்லாதபோதும் அவள் அதைச் செய்வாள் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

“என்னாச்சி தங்கச்சி? புள்ளைக்கி ஏலாமயா?” ஃபாரூக் நானா ஓடி வந்தார்.

“ஒண்ணுமில்ல நானா, சாப்பிடல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ். நீங்க போட்ட சத்தத்துல எனக்குத்தான் மருந்து வேணும் போல.”

திருமதி லாம் முகம் வெளிறி நின்றார். அவருக்கு நான் கதையைச் சொல்லியாகவேண்டும். வாய்க்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், தானாக வந்தது: “காவ் நின், கோய் ஸிக் சோ ஃபா சங். ஹௌ லுங் சுங் சோ. ஹோய் சோ யீ யூன்.” போன வருடம் இவள் கச்சான் தின்றாள், தொண்டை வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேவையான இடத்தில் மட்டும் சோ. ஒரு சொல்லையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் முதலில் செய்தது, ஈரத் துண்டால் ஷெரினின் கைகளை விரல் விரலாகத் துடைத்தது. அடுத்துத் தன் கணவரின் சட்டைப் பையைத் தடவி, அங்கே பதுங்கியிருந்த இன்னொரு பக்கெட்டை வெளியே இழுத்தார். அது தன் பசிக்கு வாங்கியது என்று திரு லாம் முணுமுணுத்தார். எடுபடவில்லை, வண்டியின் பின் பெட்டிக்குள் போய்விட்டது. வரும் வழியெல்லாம் மனிதர் ஷெரினின் மாரி பிஸ்கட்டைத்தான் தின்றுகொண்டு வந்தார்.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்கெல்லாம் கிளம்பினால் மலையில் மூடுபனி விலகும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பஸ்ஸில் போவதானால் வத்தேகமவில் மாறவேண்டி வரலாம், கண்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மழைக்குத் தயாராக இருங்கள், அட்டைக்கு உப்பு வையுங்கள். பிள்ளைக்கு ஏதும் ஒத்துக்கொள்ளாவிட்டால், அதை வேனில் ஏறுமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், என்னைப்போல் தேத்தண்ணிக் கடைக்கு ஒத்திப்போடாதீர்கள். புது மொழி படிப்பவர்கள் வணக்கத்துக்கு முன்னால் ‘ஆச்சா, இன்னும் இல்லையா’ என்பதைப் படியுங்கள். பிள்ளையோடு இருக்கிறவருக்கு நாளொன்றுக்கு நூறுதரம் அதுதான் தேவை.

முதலாளியம்மாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஷெரினை நேர்சரிக்குக் கூட்டிப்போனேன். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுத்தபோது, அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் போய் நின்றாள்.

“டீச்சர், எனக்குக் கச்சான் கூடாது. யாராச்சும் எதாச்சும் தந்தா அம்மாகிட்ட காட்டணும். அம்மா இல்லாட்டி ஒங்ககிட்ட காட்டுறேன், சரியா?”

நான் சொல்ல வைத்திருந்ததில் மிச்சம் ஒன்றும் இல்லை. மருந்துப் பையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.