ஆற்றில் தாலி தேடிய மெஷின்

பூனாகலையில் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆற்றில் கம்பளி அலசும்போது என் தாலிக்கொடி அறுந்து விழுந்துவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். எவ்வளவு துழாவியும் கைக்கு அகப்படவில்லை. மறுநாள் என் கணவர் பண்டாரவளையிலிருந்து உலோகம் தேடும் மெஷினோடு ஒருவரை அழைத்து வந்தார்.

முன்பின் தெரியாத ஆள். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிடைக்கவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? நானும் ஆற்றில் இறங்கி, அவர் கையையே பார்த்தபடி ஒட்டி நடந்தேன். மெஷின் நொடிக்கொரு தடவை கத்தியது. கத்திய இடத்தையெல்லாம் அவர் கிளறிப் பார்த்தார், வெறும் மணல்.

"அக்கா, கொஞ்சம் கரைக்கு ஏறி நில்லுங்க," என்றார்.

"ஏன், நான் பாக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் மெஷினை என் காலருகே கொண்டுவந்தார். அது அலறியது.

"உங்க மெட்டிதாங்க."

கரையேறினேன். அதன்பின் ஒரே தடவைதான் கத்தியது. கல்லிடுக்கிலிருந்து கொடியை எடுத்தவர், உள்ளங்கையை விரித்துக் காட்டியபடியே என்னிடம் வந்தார்.

இப்போது துவைக்கப் போகுமுன் கொடியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்கிறேன். ஆட்களைச் சந்தேகப்படும் புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் யாரையும் சந்தேகப்படுமுன், ஒரு தடவை குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.