விஜயலக்ஷ்மியின் முயல்

விஜயலக்ஷ்மிக்கு என்ன வேலை என்று வலியசாலை அக்ரஹாரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்டால், "லேப்ல இருக்கேன்" என்பாள். முயல் காதில் ஊசி குத்துகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவில் குடியிருக்க முடியுமா? அம்மா போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். லேபிலோ பெரும்பாலும் மலையாளம்.

1998இல் அங்கே செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் பற்றிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குப்பி வழியிலேயே ஐஸ் உருகிக் கெட்டது. சரி, நாமே உண்டாக்குவோம் என்றார் லேபை நடத்தும் மேடம். அந்தப் புரதத்தின் துண்டை ஒரு வெள்ளை முயலுக்கு ஊசி போட்டு, ரத்தத்தில் ஆன்டிபாடி ஊறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு விஜயலக்ஷ்மியின் தலையில் விழுந்தது.

முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, நம்பர்தான். அவளும் வைக்கவில்லை. ஆனால் பேசினாள்.

"இன்னிக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தியாயிடுத்துடா. யார் கேக்கப் போறா? நானே குடிச்சுட்டேன்."

காதில் ரத்தம் எடுக்கும்போதும் பேச்சு நிற்காது. கல்யாணம் ஆகியிருந்தால் புருஷன் காது என்ன பாடுபட்டிருக்கும் என்று லேபில் கேலி செய்வார்கள்.

ஆன்டிபாடி தேறிவிட்டால் முயலின் ரத்தம் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். தேறாவிட்டால் ஊசி தொடரும், முயலும் இருக்கும். முக்கியமான சோதனைக்கு முன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது லேபில் எல்லோருக்கும் வழக்கம். சோதனை நாளன்று காலை அவளும் உடைத்தாள், ஆன்டிபாடி தேறியதைக் காட்டும் கோடு ஃபிலிமில் விழக் கூடாது என்று.

விழுந்தது. ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. இப்போது எடுத்ததில், புரதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கோடு, பளிச்சென்று. மறைத்திருக்கலாம், அந்தப் புத்தி அவளுக்கு வரவில்லை. ஃபிலிமைக் கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் வைத்தாள். முயலை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். விதி இடம் கொடுக்காது என்றார் மேடம். விதியாம்!

ரத்தம் முழுவதையும் எடுக்க வேண்டிய நாளில் முயல் யார் கைக்கும் அகப்படவில்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டு, விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியின் கையைப் பிராண்டிவிட்டது.

"சேச்சி, நீங்க ஒண்ணு விளிச்சுப் பாருங்க. நீங்க விளிச்சா வரும்லா."

"வாடா" என்றாள். வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். உலை வைக்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது. கூப்பிட்டதும் அது எப்படி நம்பி வந்தது என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் எதையும் சொல்லிக்கொண்டிருந்தது அதனிடம்தான்.