கற்பூரவல்லியும் ரணகள்ளியும்

டாக்டரின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் இரண்டு இலைகள். இரண்டும் தடித்தவை, இரண்டின் ஓரத்திலும் சின்னச் சின்னப் பல் வெட்டு. ஒன்று கற்பூரவல்லி, இன்னொன்று ரணகள்ளி. ஒன்றரை வயது மகளுக்கு நான் பிழிந்து கொடுத்தது எது என்று காட்டுவதற்காக எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா அவற்றைப் பறித்து வந்திருந்தார். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்கும் ஊசிக்கும் மேனேஜரின் போனுக்கும் பயந்தே காலம் தள்ளியவன். ஆனால் பயம் என்றால் என்ன என்று அந்தக் கவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்போது பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்கா மாடியில் தனியாக இருந்தார். ஒரு பள்ளி ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால், நல்ல புடவையைக்கூட மாற்றாமல் செடிகளிடம் போய்விடுவார். பழைய பெயின்ட் டப்பாக்களில் எத்தனையோ வைத்திருந்தார் என்றாலும் அவர் பேச்சில் அடிபடுவது இந்த இரண்டும்தான். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். கற்பூரவல்லியை ஒடிக்க ஒடிக்கத்தான் புதராக மண்டும், சும்மா விட்டால் கொம்பு கொம்பாக நீண்டு அடியில் இலையே இருக்காது. தினமும் ஒரு கை தண்ணீர் வேண்டும், மறந்தால் உடனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். ரணகள்ளிக்கு யாரும் பக்கத்தில் போகாமல் இருந்தாலே போதும். வாரம் ஒரு முறை தண்ணீர், நல்ல வெயில். கீழே விழுந்த இலையின் ஓரத்திலிருந்தே குட்டிச் செடிகள் கிளம்பிவிடும். அக்காவுக்குக் கிட்னியில் கல் இருந்தது. அதற்காகக் காலையில் வெறும் வயிற்றில் ரணகள்ளி இலை ஒன்றை மென்று தின்பார். அதனால் அந்தச் செடியை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை.

கற்பூரவல்லி குழாயடியில், சன்ஷேடுக்குக் கீழே இருக்கும். ரணகள்ளி காம்பவுண்டு சுவர்மேல் வெயிலில் இருக்கும். அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ரணகள்ளிக்கு ஈரம் ஆகாது, தண்டு அழுகிவிடும். கற்பூரவல்லி அழுகினால் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் தீர்ந்தது. ஆகவே அக்கா இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். மாற்றியதை எங்களிடமும் சொன்னார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

மறுநாள் குழந்தைக்குச் சளி. மனைவி பல்லாவரத்தில் பேங்கில் இருந்தாள், நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கற்பூரவல்லி இரண்டு இலை ஒடித்து, வாட்டிப் பிழிந்து, தேன் கலந்து கொடுக்கச் சொல்லிப் போன் செய்தாள். குழாயடிக்குப் போய் ஒடித்தேன். கற்பூரவல்லி இலையில் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். என் கையில் இருந்ததோ வழவழவென்று இருந்தது. சாரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரவல்லியாக இருந்தால் கிள்ளும்போதே மூக்கைத் துளைத்திருக்கும். எனக்கோ கொரோனா வந்து போனதிலிருந்து வாசனையே தெரியவில்லை. காபியும் சாம்பாரும் ஒன்றாக இருந்த காலம் அது. குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு தோளில் துவண்டு படுத்துவிட்டாள். சளிதான் வெளியே வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அவளைத் தோளில் போட்டபடியே வாசலுக்கு வந்தேன். மழைக்காக அன்று பள்ளிக்கு லீவு. மோட்டார் போட இறங்கி வந்த அக்கா குழாயடியில் நின்றுவிட்டார்.

"இத யாரு தம்பி ஒடிச்சது?"

பாப்பாவுக்குச் சளி, கற்பூரவல்லி கொடுத்தேன் என்றேன். அக்கா என் வலது கையைப் பிடித்து விரல்களை மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. எத்தனை இலை, எப்போது கொடுத்தாய் என்று இரண்டே கேள்விகள். இரண்டு இலை, முக்கால் மணி நேரம் இருக்கும் என்றேன். கவரை எடுத்து இரண்டு செடியிலும் ஒவ்வோர் இலை பறித்துப் போட்டுக்கொண்டு, "நட" என்றார்.

தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஆட்டோ உள்ளே வராது. அக்கா முன்னால் காலால் பள்ளம் பார்த்துக்கொண்டே போக, நான் பின்னால் போனேன். குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்தடிக்கு ஒருதரம் நின்று காது வைத்துக் கேட்டேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காத ஒவ்வொரு முறையும் நான் செத்துப்போனேன். மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, அக்கா வழியெல்லாம் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

பெரியவர்கள் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, இவ்வளவு சின்னக் குழந்தை என்பதால் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும், சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சின்ன மார்பில் மூன்று ஒயர் ஒட்டினார்கள். மானிட்டரில் எண் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். அக்கா ஜெபம் செய்தார். நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

மூன்று மணிக்கு மனைவி நனைந்தபடி ஓடி வந்தாள். குழந்தையைப் பார்த்தாள், ஒயர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன குடுத்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"நான்தாம்மா ஒடிச்சுக் குடுத்தேன். தொட்டிய மாத்தி வெச்சதே மறந்துபோச்சு."

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. அதை விட்டுவிட்டேன். பிறகு அடுத்த நொடியையும் விட்டேன்.

இருட்டுவதற்கு முன் குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதாள். அதைப்போல ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே அக்கா ரணகள்ளியை வேரோடு பிடுங்கிப்போட்டார். அவருடைய கல்லுக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மனைவி அதன்பின் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தை மாதம் கேளம்பாக்கத்துக்கு வீடு மாறினோம். புறப்படும்போது அக்கா கொண்டுவந்து கொடுத்த கற்பூரவல்லித் தொட்டியை, மனைவி அவர் கண் முன்னாலேயே கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். நான் வண்டிக்காரருக்கு வழி சொல்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். எப்போது அவளுக்குச் சளி பிடித்தாலும், "அந்தம்மா பண்ண வேலைக்கு" என்று மனைவி ஆரம்பிப்பாள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அக்காவைப் பார்த்தேன். பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார். பிறகு தயங்கி, "பாப்பாவோட அம்மாவுக்கு எம்மேல இன்னும் கோவமா தம்பி?" என்றார். அதெல்லாம் இல்லக்கா என்றேன். அதுவும் பொய்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. வாயால் சொல்லத் தைரியம் வராததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதியதை நேற்று சாயங்காலம் மனைவியிடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுபோலவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று குழந்தைக்காகப் பயந்தேன். நேற்று எனக்காக மட்டும் பயந்தேன், அதுதான் கேவலமாக இருந்தது. அவள் கடைசிவரை படித்தாள். காகிதத்தை மடித்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த அக்கா நம்பர் இருக்கா?" என்றாள்.

சொன்னேன். அவளே போட்டாள். எதிர்முனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.