வாங்கின் நடுவில் பிலோமினா பெரியம்மா

போன கிழமை விடியற்காலையில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். “அக்கா, பெரியம்மா போயிட்டா. பூசைக்கு வெளிக்கிட்டு, சீலையும் உடுத்து, கதிரையில இரிந்தவ. மறுகா ஒழும்பல்ல” என்றான். நான் அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே ஒரு சிரிப்பும் வந்தது. பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து முறைக்கிறவர் அவர். அவரே பூசைக்கு வராமல் விட்டது அன்றுதான்.

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்ற எவருக்கும் பிலோமினா பெரியம்மாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் அம்மாவின் அக்கா. கலியாணம் கட்டாதவர். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் கிராமத்துச் சங்கக்கடைக்கு மனேச்சர். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் ஊரே அவர் முன்னால் கால்கடுக்க நின்றது. “வாயப் பொத்திக்கிட்டு நிக்கிற ஆளுக்குத்தான் முதல்ல” என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டம் அவருக்கு மட்டும் கிடையாது.

எனக்குக் கலியாணம் பேசியதும் அந்தக் காலத்தில்தான். இயக்கம் சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்கும், ஆமி பிள்ளைகளைப் பிடிக்கும். கழுத்தில் தாலி ஏறினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தப்பலாம் என்று வீட்டுக்கு வீடு அவசரக் கலியாணம் நடந்தது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை சேவியர். வாழைச்சேனைப் பக்கம் தபால் கந்தோரில் வேலை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கோயிலில் கலியாணம் இல்லை என்பதால், அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். மூன்று ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதற்கும் முன் பங்குத்தந்தையிடம் ஆயத்த வகுப்புக்குப் போக வேண்டும். கலியாணத்துக்கு முன் இரண்டு பேரும் தனியே போவது சரியில்லை என்று பெரியம்மா துணைக்கு வந்தார்.

வகுப்பில் நீட்டு மர வாங்குகளில் மற்றச் சோடிகள் ஒட்டி ஒட்டி இருந்தார்கள். எங்கள் வாங்கில் மட்டும் நடுவில் பெரியம்மா. அவருடைய கொண்டைக்கு மேலால் தெரிந்த நெற்றியும், வாங்குக்குக் கீழே தெரிந்த செருப்பும்தான் நான் கண்ட சேவியர். பங்குத்தந்தை குருப்பட்டம் பெற்று வந்த புதிது. “கணவன் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீங்க?” என்று என்னைக் கேட்டார். “முதல்ல சோத்தக் குடுப்பாள் பாதர்” என்றார் பெரியம்மா. “மனைவி கோபமாக இருந்தால்?” என்று சேவியரைக் கேட்டார். “அவர் வெளியில போய் இரிப்பார்” என்றார் பெரியம்மா. இது அவர்களுக்கான வகுப்பு என்று பாதர் மெல்ல நினைவூட்டினார்.

“பாதர், கலியாணத்தப் பத்தி உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. நம்ம ரெண்டு பேரும் மாறி மாறிச் சொன்னாத்தான் இதுகளுக்கு ஏதும் விளங்கும்.”

வகுப்பே சிரித்தது. கடைசியில் பாதரும் சிரித்துவிட்டார்.

கடைசி வகுப்பு முடிந்த பிறகு, பாதர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அது திருச்சபைச் சட்டம். பெரியம்மாவை வெளியே நிற்கச் சொன்னார். அவரும் நின்றார், ஜன்னலுக்கு வெளியே. “இந்தக் கலியாணம் உங்கட சொந்த விருப்பமா?” என்று பாதர் கேட்டார். “ஓம் பாதர், அவளுக்கு விருப்பம்” என்றது ஜன்னல். பாதர் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். கரண்டும் இல்லை, உள்ளே வெக்கை அவித்தது. திரும்பி வந்து அதையே கேட்டார். என் வாழ்க்கையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, என் பதிலுக்காகவே ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. “தெரியா பாதர்” என்றேன்.

இந்த ஞாயிறு ஓலை வாசிக்க முடியாது என்று பாதர் பெரியம்மாவிடம் சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போது ஏச்சு விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். சந்தி வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் எவ்வளவு பயந்திருப்பேன் என்று விளங்கும். சந்தியில் நின்றார்.

“இவ்வளவு நாளும் உன்னட்ட ஆருமே கேக்கல்லியாகா?”

“இல்ல, பெரியம்மா.”

“நானும் கேக்கல்லதான்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வீட்டில் அப்பா குதித்தார். “மச்சாள், தவக்காலம் வந்திரும்!”

“வரட்டும். அது வருசா வருசம் வாறதுதானே.”

“நாளைக்கு ஆரும் வந்து புள்ளயக் கேட்டா என்ன செய்யிற?”

“எண்ட வீட்டில வச்சிரிப்பன். என்னத் தாண்டி ஆர் வாறது?”

வரக்கூடியவர்கள் சங்கக்கடை வரிசையில் நிற்கிற ஆட்கள் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அன்றிரவே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சேவியரையும் என்னையும் கோயில் விறாந்தையில் இருத்தினார். தான் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் பேச்சுக் காதில் விழக்கூடாது என்று செபமாலையை உரத்துச் சொல்லத் தொடங்கினார். எங்களுக்கோ பேச்சே வரவில்லை. செபத்தை இடையில் நிறுத்தி, “ஏன் கதையில்ல? கதைங்க, எனக்கு ஒண்டும் கேக்காது” என்றார்.

சேவியர்தான் தொடங்கினார். “உங்களுக்கு விருப்பமில்லாட்டி, நான்தான் வேணாமெண்டனான் எண்டு சொல்றன். உங்கட பேருக்கு ஒண்டும் வராது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வீட்டில எண்ட அம்மாவச் சமாளிச்சிருவன். அவவிட்ட மட்டும் நீங்களே சொல்லுங்க” என்று பெரியம்மாவின் முதுகைக் கண்ணால் காட்டினார். எனக்குச் சிரிப்பு வெடித்தது. அந்த மனிதரை எனக்குப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான். பழி வந்தால் தான் ஏற்கிறேன் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. செபமாலை இன்னும் உரத்தது.

ஈஸ்டர் முடிந்து கலியாணம். கோயில் வாசலில் என் தலையில் போட்ட நெட்டுத் துணியைச் சரிசெய்கிற சாட்டில் பெரியம்மா காதோடு சொன்னார். “புள்ள, இப்பயும் இல்லையெண்டு சொல்லலாம். கோயிலுக்குப் பின்னால வள்ளம் நிக்கிது. அக்கரையில எண்ட கூட்டாளி வீட்டில சோறும் ஆக்கச் சொல்லியிரிக்கன்.” பகிடி என்று நினைத்து உள்ளே போனேன். பாதர் கேட்டார். ஓம் என்றேன். சத்தமாகச் சொன்னேன் என்று பிறகு எல்லோரும் பகிடி பண்ணினார்கள்.

பூசை முடிந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வள்ளம் நின்றது. வள்ளக்காரர் தொப்பியை முகத்தில் போட்டு நித்திரை. பக்கத்தில் ஒரு பை. அதற்குள் என் வீட்டுச் சட்டையும், துவாயும், பல்லுத் தூரிகையும். பின்னாலேயே வந்த பெரியம்மா வள்ளக்காரரைத் தட்டி எழுப்பி, “அவள் வரமாட்டாள். நீ வந்து சாப்பிடு” என்றார்.

என் வயதுப் பிள்ளைகள் பலர் அந்த வருடங்களில் ஓம் என்றார்கள். வேறு எதையும் சொல்ல அவர்களுக்கு வழி இருக்கவில்லை. எனக்கு இருந்தது. பெரியம்மா போய்விட்டார். என்னிடம் அவர் விட்டுப்போனது அந்த ஓம். அது முழுக்க என்னுடையது.